ஐம்பத்திரண்டு பற்கள்

பிப். 18, செவ்வாய்

காலை 27 டிகிரி ஃபாரன்ஹீட். கார் கண்ணாடி முழுக்கப் பனிக்கட்டி. சுரண்டும் கட்டையைக் காணோம், பழைய லைப்ரரி கார்டை வைத்துச் சுரண்டினேன். மகள் நிலாவைப் பள்ளியில் விட எட்டு நிமிடம் லேட்.

லேபில் இந்த மாதம்:
– 52 பற்கள். ஒவ்வொன்றையும் போட்டோவோடு ஒப்பிட்டு, பையில் போட்டு, பெட்டி கட்ட வேண்டும். மார்ச் 14க்குள் இங்கிலாந்து மியூசியத்துக்குத் திரும்பிப் போகணும்.
– ஆசிட் ஆர்டர்.
– ஆசிட் புகை இழுக்கும் ஹூடுக்கு ஃபில்டர் மாற்ற ஆள் (மூன்றாம் தடவையாக எழுதுகிறேன்).

ஹெலன் நல்ல மூடில். நாலு வருடமாக இவர் லேபில் இருக்கிறேன், புரொஃபசர் விசிலடித்து இன்றுதான் கேட்டேன். கட்டுரையை ஜர்னல் ஏற்றுக்கொண்டுவிட்டது, சின்னத் திருத்தங்கள் மட்டும் பாக்கி. யுனிவர்சிட்டி பிரஸ் ஆபீஸிலிருந்து வீடியோ எடுக்க வருகிறார்களாம், அடுத்த செவ்வாய்.

எல்லாம் கு-47 அம்மாவால். கு என்றால் குழி. ரோமானியர் ஆண்ட நிலத்தின் வடக்குக் கோடியில், இன்றைய இங்கிலாந்தில், மழையும் குளிருமான ஒரு சின்ன ஊர். அந்த ஊர் இடுகாட்டில் நாற்பத்தேழாம் குழி. கல்லால் செய்த சவப்பெட்டி, கையில் யானைத் தந்த வளையல். பல் மட்டும் வெயில் நாட்டுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பல். வட ஆப்பிரிக்காவாக இருக்கலாம் என்று ஹெலன் எழுதியிருக்கிறார். பத்தடி தள்ளி கு-41. ஆண், நாற்பது வயதுக்கு மேல். பெட்டி இல்லை, ஒரு மண்சட்டிகூட இல்லை. உள்ளூர்.

சாப்பிடும்போது நிலா கேட்டாள். "ஹவ் டூ யூ நோ வேர் ஷி லிவ்டு?"

"பல்லு வளர்றப்ப நீ குடிக்கிற தண்ணி அதுக்குள்ள போய் உக்காந்துக்கும். ஒவ்வொரு ஊர் தண்ணிலயும் அந்த ஊர் பாறை கொஞ்சம் கரைஞ்சிருக்கும். எலும்பு மாறிட்டே இருக்கும். பல்லு மாறாது."

"ஸோ மை டீத் ஆர் டெக்ஸஸ்?"

"ஆமா."

"அண்ட் யுவர்ஸ்?"

"தர்மபுரி."

"இஸ் தட் வொய் தே ஆர் பிரவுன்?"

கணவர் செந்திலுக்குப் புரையேறிவிட்டது. ஆனால் அதேதான் காரணம். பாலக்கோடு பக்கத்து போர் தண்ணீர், ஃப்ளோரைடு. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு இந்தக் காவிப் பல். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஹெலன் நேராகக் கேட்டார், "ஃப்ளோரைடா?" என்று. மற்றவர்கள் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள்.

பிப். 20, வியாழன்

வெயில், காற்று. பெட்டி கட்டும் வேலை ஆரம்பம். 1 முதல் 46 வரை சரி.

47ஆம் பையில் இருந்தது 47 இல்லை.

போட்டோவில் (செப்டம்பரில் பெட்டி வந்த அன்று நானே எடுத்தது) 47 கடைவாய்ப்பல், பக்கத்தில் மிளகளவு சொத்தை. பையில் இருப்பது மேல்பக்கம் தேய்ந்து தட்டையான பல், ஓரம் உடைந்தது. அது 41. போய் 41ஆம் பையைத் திறந்தேன். சொத்தைப் பல் அதில். காலையில் போட்டோவில் டிக் அடித்தபோது 41ஐ நான் சரியாகப் பார்க்கவே இல்லை. பல் இருக்கிறதா, இருக்கிறது, டிக்.

நோட்டுப் புத்தகத்தில் அக்டோபர் பக்கம். என் கையெழுத்து:

"47 வெட்டு. 41 வெட்டு. 11.40 ஸ்கூல் போன், நிலாவுக்கு 102. கிளம்பினேன்."

ஞாபகம் இருக்கிறது. இரண்டு பல்லும் ஒரே தட்டில். ஆபீஸ் பெண்மணி போனில், "ஷி இஸ் ஆஸ்கிங் ஃபார் யூ" என்று. அவசரத்தில் பைக்குள் போட்டுவிட்டு ஓட்டம்.

இரண்டு வழி:
அ) சோதனைக்கான துண்டைச் சரியான பல்லிலிருந்து வெட்டி, சரியான குப்பியில் போட்டு, பல்லை மட்டும் மாற்றிப் பைக்குள் போட்டேன். அப்படியென்றால் ரிசல்ட் சரி.
ஆ) வெட்டும்போதே பல் மாறிவிட்டது. அப்படியென்றால் வெயில் நாட்டிலிருந்து வந்தது அந்த அம்மா இல்லை.

எது என்று எனக்கே தெரியவில்லை. எவ்வளவு யோசித்தாலும் போன்தான் ஞாபகம் வருகிறது, கை ஞாபகம் வரவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. கீழே பார்சல் அறையில் டெனிஸ் கையெழுத்து வாங்கக் கூப்பிட்டார். அறுபது வயது இருக்கும், டல்லஸிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண். லேபுக்கு வரும் எல்லாப் பெட்டியும் அவர் கை வழியாகத்தான். அவர் மேஜைக்குப் பின்னால் புதிதாக ஒரு படம். பிரஸ் ஆபீஸ் ஓவியர் வரைந்த 47 அம்மாவின் முகம், மாநிறம், கையில் வளையல். கலர் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருக்கிறார்.

"பேத்திக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்" என்றார். "அந்தக் காலத்திலேயே அந்தக் குளிருக்குப் போய், கல் பெட்டி வாங்குகிற அளவுக்கு வாழ்ந்திருக்கிறாள் பார்."

சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஆசிட் ஆர்டர் போட மறந்துபோயிற்று.

பிப். 22, சனி

பக்கத்து ஊர் இர்விங், இந்தியன் கடை. முருங்கைக்காய் இல்லை. சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இட்லி ரவா, நிலாவுக்கு முறுக்கு.

பில் போடும் வரிசையில் எனக்குப் பின்னால் ஓர் அம்மா. ஐம்பது இருக்கும். நிலாவிடம் ஏதோ சொல்லி நான் சிரித்ததைப் பார்த்துவிட்டு:

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க தர்மபுரி பக்கமுங்களா?"

"பாலக்கோடுங்க. எப்படித் தெரிஞ்சுது?"

"பல்லுதான். நான் பென்னாகரம். என்னோடது கேப் போட்டது, இந்தப் பக்கம் வந்ததும் பையன் போட வச்சுட்டான். உள்ளுக்குள்ள அதே பல்லுதான்."

பெயர் ராஜேஸ்வரி. மகன் வீட்டுக்கு வந்து மூன்று வருடமாம். கார் பார்க்கிங்கில் வண்டியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பேச்சு. அவர் அபார்ட்மெண்டில் மேல்வீடு நேபாளம், எதிர்வீடு நைஜீரியா, கீழே ஒரு மெக்சிகோ குடும்பம், பக்கத்தில் தெலுங்கு. "பாத்தா எல்லாரும் சிரிச்சுக்குவோம். பேச மொழி இல்ல. மெக்சிகோக்காரம்மா மாங்கா குடுத்தாங்க, மொளகாப்பொடி போட்டு. நம்ம ஊரு மாதிரியேதான் சாப்பிடறாங்க."

என்ன வேலை என்று கேட்டார். பழைய பல்லைப் பார்த்து யார் எந்த ஊர் என்று சொல்கிற வேலை என்றேன். 47 அம்மா கதையும் சொன்னேன், ஏன் சொன்னேனென்று தெரியவில்லை. கேட்டுவிட்டு,

"வெளியூர்லருந்து வந்தவங்க, கல்லுப் பொட்டில புதைச்சாங்களா? பரவால்லயே" என்றார். "நாங்க வந்தப்ப பாயில படுத்துட்டிருந்தோம் ஆறு மாசம்."

போன் நம்பர் வாங்கிக்கொண்டேன்.

பிப். 23, ஞாயிறு

செந்திலிடம் சொன்னேன். மதியம், நிலா பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போனபோது. துணி மடித்துக்கொண்டே சொன்னேன். அவர் மடிப்பதை நிறுத்திவிட்டார்.

"யாருக்குத் தெரியும் இது?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப ரெண்டு பல்லயும் சரியான பையில போட்டு அனுப்பிடு. பாதிக்குப் பாதி நீ செஞ்சது சரியாத்தான இருக்கும்?"

"பாதிக்குப் பாதி தப்பாவும் இருக்கும்."

"கவி, ஜூன்ல உன் காண்ட்ராக்ட் முடியுது. ஹெலன் எழுதிக் குடுத்தாத்தான் ரின்யூவல். அவங்க எழுதலன்னா எச்-1 விசா போச்சு. திரும்ப எச்-4ல என் பேருக்குக் கீழ வரணும். ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இருக்கிறது. கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி., பி.ஹெச்டி. முடித்துவிட்டு ஏழு வருடம் எச்-4. வேலைக்குப் போகக்கூடாது. லைப்ரரி, சமையல், யோகா வீடியோ. இந்த லேபில் முதல் நாள் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு பாத்ரூமில் போய் நின்று பார்த்துக்கொண்டேன். அது செந்திலுக்கும் தெரியும், அதனால்தான் சொல்கிறார்.

"ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி செத்தவங்கப்பா. யாரு என்ன ஊர்னு மாத்திச் சொன்னா இப்ப யாருக்கு நஷ்டம்?"

துணியை மடித்து முடித்தேன். நிலாவின் ஒரு சாக்ஸ் காணோம்.

பிப். 25, செவ்வாய்

வீடியோ. பிரஸ் ஆபீஸ் பெண், கேமராக்காரர். கையுறை போட்டுக்கொண்டு பல்லைப் பிடித்தபடி சிரிக்கச் சொன்னார்கள். உதட்டை மூடிக்கொண்டு சிரித்தேன். "இன்னும் கொஞ்சம் பெரிதாக" என்றார் கேமராக்காரர். முடியாது என்றேன்.

ஹெலனிடம் கேள்வி: "ஆக இந்த ஊரின் முதல் கறுப்பினச் சீமாட்டி என்று சொல்லலாமா?"

ஹெலன்: "பல் தோல் நிறத்தைச் சொல்லாது. யார் பெற்றது என்று சொல்லாது. எங்கே வளர்ந்தாள் என்று மட்டும்தான் சொல்லும். இதைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்."

"சரி. ஆனால் ஆப்பிரிக்காவில் வளர்ந்தாள் என்பது உறுதிதானே?"

"சோதனையில் வந்த நம்பர் உறுதி. அதில் கவி பிசகுவதில்லை" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

கேமரா என் பக்கம் திரும்பியது. கையிலிருந்த பல்லைத் தட்டில் வைத்தேன்.

பிற்பகல் எதுவும் ஓடவில்லை. நான்கு மணிக்கு ஹெலன் அறை வரை போனேன், அவர் போனில் இருந்தார், திரும்பி வந்தேன். அவர் போனில் இருந்தது நல்லதாகப் போயிற்று என்று தோன்றியது. அப்படித் தோன்றியது பிடிக்கவில்லை.

பிப். 26, புதன்

சொல்லிவிட்டேன். காலை 9.10. இரண்டு பை, இரண்டு போட்டோ, நோட்டுப் புத்தகம், எல்லாவற்றையும் ஹெலன் மேஜையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பல்லைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். ரொம்ப நேரம்.

"எப்போது தெரிந்தது?"

"போன வியாழன்."

"இன்று புதன்."

"ஆமாம்."

"நேற்று கேமரா முன்னால் நான் பேசும்போதும் தெரியும்."

"ஆமாம்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஜர்னலுக்கு மெயில்: கட்டுரையை நிறுத்தி வையுங்கள். பிரஸ் ஆபீஸுக்கு: வீடியோ வெளியிட வேண்டாம். மியூசியத்துக்கு: இரண்டு பல்லிலும் இன்னொரு துண்டு வெட்ட அனுமதி வேண்டும். மூன்றும் என் எதிரிலேயே தட்டினார். கடைசியில்,

"மறுபடி வெட்டுவது மேகன். நீ இல்லை. எந்தக் குழிப் பல் என்று நம்பரை மறைத்துக் கொடுப்போம். உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்."

புரிகிறது. மேகன் இரண்டாம் வருட மாணவி, அவளுக்கு வெட்டக் கற்றுக்கொடுத்ததே நான்தான். சரியான முறை இதுதான். இருந்தாலும் பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

செந்திலுக்கு மெசேஜ்: "சொல்லிட்டேன்." பதில்: "சரி." அப்புறம் ஒரு மணி நேரம் கழித்து: "நிலாவ நான் கூட்டிட்டு வரேன்."

மார்ச் 5, புதன்

மதியம் 12, மாதாந்திரச் சைரன் டெஸ்ட். புது மாணவர்கள் இரண்டு பேர் ஜன்னலுக்கு ஓடினார்கள், சூறாவளி என்று.

அனுமதி திங்களன்றே வந்துவிட்டது. மேகன் இன்று வெட்டினாள். நான் பக்கத்து அறையில் பீக்கர் கழுவினேன். டிரில் சத்தம் கேட்டது. இரண்டு வெட்டு. நடுவில் போன் எதுவும் அடிக்கவில்லை.

ஹெலன் வேலைக்குத் தேவையானதை மட்டும் பேசுகிறார். ரின்யூவல் பற்றிப் பேச்சில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

ஓக் மகரந்தம், எல்லாக் கார்களும் மஞ்சள். மாலை ஆலங்கட்டி, பட்டாணி அளவு. செந்தில் காரை ஓடிப்போய் உள்ளே விட்டார், என்னுடையது வெளியே.

நனைந்த தலையோடு வந்து உட்கார்ந்தவர்: "அன்னிக்கு நான் சொன்னது பயத்துல சொன்னது."

"தெரியும்."

"இப்பவும் பயமாத்தான் இருக்கு."

"எனக்கும்."

பஜ்ஜி போட்டேன். வாழைக்காய் இல்லாததால் உருளைக்கிழங்கு. நிலா ஏழு தின்றாள்.

மார்ச் 12, புதன்

ரிசல்ட். 2.15க்கு ஹெலன் கூப்பிட்டார். மேகனும் அங்கே. மறைத்த நம்பரை ஹெலனே பிரித்தார்.

ஆ. வெட்டும்போதே மாறியிருக்கிறது.

கு-47, கல் பெட்டி, தந்த வளையல்: அந்த ஊர்த் தண்ணீர். வளர்ந்தது, புதைந்தது எல்லாம் அங்கேயே. யானைத் தந்தம் மட்டும் வெளியூர், வியாபாரத்தில் வந்திருக்கும்.

கு-41, ஒன்றுமே இல்லாமல் மண்ணில் கிடந்தவர்: வெயில் நாடு. தோள் எலும்பு சுமை தூக்கித் தேய்ந்தது என்று மியூசியத்தின் பழைய அறிக்கையிலேயே இருக்கிறது. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

"ஸாரி" என்றேன், அது மேகனுக்குத்தான் கேட்டிருக்கும். ஹெலன் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எங்களிடம் என்றில்லாமல்:

"வளையலைப் பார்த்ததும் வெளியூர்க்காரி என்று நான் நினைத்துவிட்டேன். நம்பரும் அதையே சொன்னதும் சந்தோஷமாகிவிட்டது. பிடிக்காத நம்பராக இருந்திருந்தால் மறுபடி ஓட்டச் சொல்லியிருப்பேன்."

மேகன் போனதும் என்னை இருக்கச் சொன்னார். காண்ட்ராக்ட் ரின்யூவல் எழுதிவிட்டாராம். ஒரு வருடத்துக்கு. முன்பு நான் கேட்டிருந்தது மூன்று.

"நீ தப்பு செய்ததற்காக இல்லை. ஆறு நாளுக்காக. அது மறக்க எனக்குக் கொஞ்சம் காலம் பிடிக்கும்."

சரி என்றேன். வெளியே வந்து செந்திலுக்குப் போன். "ஒரு வருஷமா, சரி, ஒரு வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.

மார்ச் 13, வியாழன்

75 டிகிரி, ஸ்வெட்டர் வேண்டியிருக்கவில்லை.

கட்டுரை திரும்ப முதலிலிருந்து. பிரஸ் ஆபீஸுக்கு இப்போது ஆர்வம் இல்லை. உள்ளூர்ப் பெண்ணை உள்ளூரில் புதைத்தார்கள் என்பதில் செய்தி இல்லை. மூட்டை தூக்கியவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

டெனிஸிடம் நானே போய்ச் சொன்னேன். வேறு யார் வாயிலிருந்தும் கேட்க வேண்டாம் என்று. முழுவதும் சொன்னேன், போன், தட்டு, பை, ஆறு நாள். படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஆக இவள் அந்த ஊரிலேயே வளர்ந்தவள்."

"ஆமாம்."

"இவள் அம்மா?"

"தெரியாது. பல் அதைச் சொல்லாது. பெற்றவர்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம்."

"அப்படியானால் படம் இருக்கட்டும்" என்றார். பிறகு, "அந்த ஆளுக்குப் படம் வரைந்தார்களா?"

"இல்லை."

"வரைய மாட்டார்கள்."

எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்று சொன்னேன். பேத்தியிடம் சொல்லிவிட்டதால் கொஞ்சம் கஷ்டம்தான் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சமாதானமாகவும் சொல்லவில்லை. டேப் உருளையை எடுத்து அடுத்த பார்சலை ஒட்ட ஆரம்பித்தார்.

மதியம் ஹெலன் மெயில், ஒரே வரி: 41இன் விலா எலும்பு கேட்டு மியூசியத்துக்கு எழுது. விலா எலும்பு கடைசிப் பத்து வருடத்தைச் சொல்லும். அந்த மனிதர் சாவதற்கு எத்தனை வருடம் முன்னால் அங்கே வந்தார் என்று கொஞ்சம் தெரியலாம். எழுதினேன். மூன்று தடவை படித்துவிட்டு அனுப்பினேன்.

மார்ச் 14, வெள்ளி

பெட்டி தயார். 52ஐயும் போட்டோவோடு நான் ஒருமுறை, மேகன் ஒருமுறை. இரண்டு பேர் கையெழுத்து. இனி எப்போதும் இப்படித்தான்.

கீழே கொண்டுபோனேன். டெனிஸ் கம்ப்யூட்டரில் கஸ்டம்ஸ் ஃபாரம் திறந்தார். பொருள் என்ன, மனிதப் பற்கள். எத்தனை, 52. எடை. விற்பனைக்கா, இல்லை. அடுத்த கட்டத்தில் கை நின்றது.

"எந்த நாட்டில் உருவானது என்று கேட்கிறது."

இரண்டு பேரும் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுத இடம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். பெட்டிக்கு ஒரு நாடுதான். காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது.

டெனிஸ் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் வந்துவிட்டது, வாயைத் திறந்தே சிரித்தேன்.

"அந்த மூட்டைக்காரர் எத்தனை வருடம் இருந்தார் அங்கே?"

"இன்னும் தெரியாது."

"புதைத்தது அங்கேதானே?"

"அங்கேதான்."

டெனிஸ் பட்டியலில் கீழே இறங்கி யுனைடெட் கிங்டம் என்பதை அழுத்தினார். ஐம்பத்திரண்டுக்கும் சேர்த்து. அடுத்த பக்கம் வந்தது. கூரியர் வண்டி 3.10க்கு.